பிழைக்குப் பதிலாகத் தவறு

என் சிநேகிதி வெளிநாட்டில் அண்டம் விரிவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். இரண்டும் ஒரே பாடம்தானே என்று எங்கள் தலைமையாசிரியை ஒருமுறை ஆசிரியர் அறையில் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அன்று முழுக்க நான் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மழுப்பி எழுதுவதில் அர்த்தமில்லை. எனக்கு அவள் மேல் பொறாமை. ஒரு நாள் வந்து மறுநாள் போகிற பொறாமை இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பத்தாவதுக்கு வருகிற வரைக்கும் கூடவே இருந்த பொறாமை. அவள் ஏதாவது மலை உச்சியில் தொலைநோக்கியின் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்புவாள். நான் முதலில் மலையைப் பார்ப்பேன், அடுத்து அவள் போட்டிருக்கிற கம்பளிக் கோட்டைப் பார்ப்பேன், கடைசியாகத்தான் முகத்தைப் பார்ப்பேன். முகத்தில் கொஞ்சம் வயது தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. எங்கள் வீட்டில் தறி. அவள் அப்பாவுக்கு ஜரிகை வியாபாரம். மதிப்பெண்ணில் எப்போதும் நான்தான் மேலே. இதை இந்த வயதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதிலேயே என் லட்சணம் தெரிந்துவிடும். முதுகலைக்குப் பிறகு அவள் ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போட்டாள். எனக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கி வந்தாள். நான் அதைப் பூர்த்தி பண்ணாமல் பி.எட். சேர்ந்தேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. யாராவது தடுத்திருந்தால் இத்தனை வருஷம் அவர்களைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பயந்தது நான். ஊர் விட்டு ஊர் போய், தெரியாதவர்கள் நடுவில் நின்று, தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் என்னை நம்பித்தான் இருந்தாள். அது தமிழ். அவள் வீட்டில் உருது பேசுவார்கள். தெருவில் பேசுகிற தமிழ் அவளுக்கு என்னைவிட வேகமாக வரும், ஆட்டோக்காரரோடு அவள் பேரம் பேசினால் நான் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பேன். ஆனால் அச்சில் இருக்கிற தமிழ் என்றால் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பள்ளியில் தமிழ்ப் பாடத்தை நான் உரக்க வாசிப்பேன், அவள் கண்ணை மூடிக் கேட்டு அப்படியே மனதில் ஏற்றிக்கொள்வாள். நான் என்ன சொன்னேனோ அதுதான் அவளுக்குத் தமிழ். அந்த நம்பிக்கையை நான் ஒரு சொத்து மாதிரி வைத்திருந்தேன்.

இந்த வருஷம் அவள் லீவில் வந்தபோது தலைமையாசிரியைக்குச் செய்தி எட்டிவிட்டது. பெண்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஒரு மணி நேரம் பேச வேண்டும், தமிழில் பேச வேண்டும் என்று கேட்டார். அவள் ஒப்புக்கொண்டாள். அடுத்த நிமிஷம் எனக்கு போன் வந்தது.

"ஸ்லைடு எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குதுடி. நீ தமிழ்ல போட்டுக் குடுத்துடு. பேசறத நான் பாத்துக்கறேன். ஆனா ஸ்கிரீன்ல வர்றத வாசிக்கணும் இல்ல, அது நீ எழுதினாத்தான் எனக்கு தைரியம்."

"எனக்கு எங்கடி நேரம்? பேப்பர் கட்டு திருத்தாம கிடக்குது" என்றேன்.

"நீ பண்ணுவே" என்றாள். வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கணினியைத் திறந்தேன். அவளுடைய ஆராய்ச்சி என்னவென்று அதுவரை நான் சரியாகத் தெரிந்துகொள்ளவே இல்லை. தெரிந்துகொண்டால் இன்னும் வயிறு எரியும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அன்றைக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன்.

விஷயம் இதுதான். அண்டம் விரிகிறது. விரிவது மட்டுமல்ல, விரிகிற வேகமும் கூடிக்கொண்டே போகிறது. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், வெகு தொலைவில் வெடிக்கிற ஒரு வகை நட்சத்திரங்களை வைத்து. அவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வாட்ஸ் பல்பு மாதிரி, வெடிக்கும்போது இவ்வளவுதான் பிரகாசம் என்று கணக்கிட்டுவிடலாம். மங்கலாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது. அதன் ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ, அந்த ஒளி கிளம்பிய நாளிலிருந்து அண்டம் அவ்வளவு விரிந்திருக்கிறது. இதுவரை எனக்கும் தெரியும்.

அதற்கு மேல் அவள் கேட்கிற கேள்விதான் புதிது. இந்த வேகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கூடுகிறதா? ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள், கணக்குக்கு அது சுலபம். இவள் என்ன செய்கிறாள் என்றால், வானத்தை இரண்டு பாதியாகப் பிரிக்கிறாள். இந்தப் பாதியில் உள்ள நட்சத்திரங்களை வைத்து ஒரு கணக்கு, அந்தப் பாதிக்கு ஒரு கணக்கு. பிறகு பிரிக்கிற கோட்டைத் திருப்பி வைத்து மறுபடி. இப்படி எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. ஆனால் அந்தப் பக்கம் பார்த்த நட்சத்திரங்கள் குறைவு. போதாததற்கு நாமே, பூமி சூரியன் எல்லாம் சேர்ந்து, ஒரு திசையில் ஓடிக்கொண்டிருக்கிறோம், அதையும் கழிக்க வேண்டும். எல்லாம் போக மிஞ்சுகிற வித்தியாசத்தை வைத்து ஒரு பக்கம் அதிகம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. விடை தெரியாது என்று சொல்வதற்கு அவளுக்குக் கோட்டும் மலையும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். விடை தெரியாது என்று நான் வகுப்பில் சொன்னால் மறுநாள் யாராவது அப்பா வந்து நிற்பார். சிரித்துவிட்டுத் திரும்ப அந்தப் பக்கத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. கேள்வி அழகாக இருந்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று தோன்றியது. அப்படித் தோன்ற எனக்கு எந்த உரிமையும் இல்லை, இருந்தாலும் தோன்றியது.

விரிவதை விளக்க அவள் ஒரு பலூன் படம் போட்டிருந்தாள். காஞ்சிபுரத்துக்கு வந்து பலூன். இங்கே எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், புதுத் துணியை நீளவாக்கில், பாவுப் பக்கம் இழுத்தால் அசையாது, குறுக்கே ஊடைப் பக்கம் இழுத்தால் கொஞ்சம் இழுபடும், மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் தாராளமாக நீளும். திசைக்குத் திசை விரிவது மாறுமா என்று கேட்க இதைவிட என்ன வேண்டும்? பலூனை எடுத்துவிட்டுத் துணியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை. அது என்னுடையது, அவளுக்கு எதற்குத் தர வேண்டும் என்று பலூனுக்குக் கீழே 'பலூன்' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் அந்த வரி இருந்தது. நாங்கள் கண்ட வித்தியாசம் எங்கள் பிழைக்குள் அடங்குகிறது. ஆங்கிலத்தில் பிழைக்கும் தவறுக்கும் ஒரே சொல்லைத்தான் பெரும்பாலும் போடுவார்கள். தமிழில் அப்படி இல்லை. எவ்வளவு கவனமாக அளந்தாலும் கருவியோடு கூடவே வருகிற கூடுதல் குறைச்சல்தான் பிழை. கவனமில்லாமல் நாமாகச் செய்வது தவறு. பாடப் புத்தகத்தில் பிழை என்றுதான் இருக்கிறது. செய்முறைத் தேர்வில் எந்தப் பெண்ணாவது தவறு என்று எழுதினால் நான் அரை மதிப்பெண் குறைப்பேன். இருபது வருஷமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் தட்டச்சு செய்தது இது: நாங்கள் கண்ட வித்தியாசம் எங்கள் தவறுகளுக்குள் அடங்குகிறது.

விரல் தானாகப் போனது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் போட்டேன். அகராதியில் அந்தப் பொருளும் இருக்கிறதே என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். பெற்றோர் எல்லாம் உட்கார்ந்து கேட்கும்போது, இவ்வளவு தூரம் போய் இத்தனை வருஷம் படித்து இந்தப் பெண் தப்புத் தப்பாகச் செய்திருக்கிறாளே என்று ஒரு நிமிஷம் அவர்கள் நினைக்கட்டும், போதும் என்று இருந்தது. கோப்பை அனுப்பிவிட்டுக் காபி போட்டுக் குடித்தேன். காபி நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். பள்ளி அரங்கில் பெண்கள் தரையில், பெற்றோர் நாற்காலியில். அவள் பருத்திப் புடவை கட்டித் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். மேடை ஏறியதும் "நானும் இந்த தரையிலதான் உக்காந்து இருந்தேன், வெயில் காலத்துல சுடும், மழைக்கு ஜில்லுனு இருக்கும்" என்றாள். அவ்வளவுதான், அத்தனை பேரும் அவள் பக்கம். நான் முதல் வரிசையில் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். இருபது வருஷமாக இதே அரங்கில் பேசுகிறேன், ஒரு நாளும் இப்படி அமைதி விழுந்ததில்லை.

பலூன் வந்தது. பெரியவர்களுக்கு அது ஏறவில்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தியின் அப்பா, தறி போடுகிறவர்.

"ஏம்மா, இந்த பலூன் எல்லாம் எனக்கு வெளங்கல. துணிய பாவுப் பக்கம் இழுத்தா ஒரு மாதிரி, ஊடப் பக்கம் இழுத்தா ஒரு மாதிரி. வானத்துல பாவு எது, ஊட எதுன்னு ஏதாச்சும் இருக்குதா இல்லையான்னு பாக்கறீங்க. அவ்ளோதானே?"

அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். "அவ்ளோதாங்க. இத நான் பத்து வருஷமா சொல்ல முடியாம தவிச்சுக்கினு இருக்கறேன்" என்றாள். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. நான் ஒளித்து வைத்த துணியை அவர் போகிற போக்கில் எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்கு அவர் மேலும் பொறாமை வந்தது.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. அவள் திரையைப் பார்த்து, பள்ளி நாளில் எழுத்துக்கூட்டியது போலவே மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். நாங்கள் கண்ட. வித்தியாசம். எங்கள். தவறுகளுக்குள். அந்தச் சொல்லில் ஒரு நொடி நின்றாள். நின்றுவிட்டு, வாசித்து முடித்தாள். தலைமையாசிரியை 'அடடா' என்பது போலத் தலையை ஆட்டினார். பின்வரிசைக்காரர் மறுபடி எழுந்தார்.

"தப்புன்னு நீங்களே சொல்றீங்களேமா. எந்த இடத்துல தப்பு விழுந்துதோ அதுவரைக்கும் பிரிச்சுட்டு மறுபடி போட வேண்டியதுதானே? நாங்க தறியில அப்படித்தான் பண்றோம்."

"இது அந்த மாதிரி தப்பு இல்லீங்க" என்றாள். "இது வந்து... தப்புதான். ஆனா தப்பு இல்ல." சொல் கிடைக்கவில்லை. உருதுவில் தேடுவதும் ஆங்கிலத்தில் தேடுவதும் முகத்தில் தெரிந்தது. பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கேட்டது அத்தனையும் கிடைத்தது. எனக்கு இனித்தது என்று சொன்னால் கேவலம்தான், இனித்தது.

ஆனால் நான் ஒன்றை மறந்திருந்தேன். பெரியவர்களை நினைத்தேன், தலைமையாசிரியையை நினைத்தேன், தரையில் உட்கார்ந்திருக்கப் போகிற பெண்களை நினைக்கவே இல்லை. வகுப்பில் நாம் சொல்வது எதுவும் பிள்ளைகள் காதில் விழுவதில்லை என்கிற நம்பிக்கை ஆசிரியர்கள் எல்லோருக்கும் உண்டு. மாகறலிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டே எழுந்து நின்றாள். அதற்கு முந்தின மாதம்தான் அவளுக்கு நான் அரை மதிப்பெண் குறைத்திருந்தேன்.

"மேடம், அது தவறு இல்ல மேடம். பிழை. தவறுன்னா நாம கவனம் இல்லாம பண்றது. பிழைன்னா எவ்ளோ நல்லா அளந்தாலும் கூடவே வர்றது. எங்க மிஸ் சொல்லிக் குடுத்து இருக்காங்க. தவறுன்னு எழுதினா அர மார்க் கட் பண்ணிடுவாங்க."

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு முதல் வரிசையில் என்னைப் பார்த்தாள். நான் என் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தேன்.

"கரெக்ட்மா" என்றாள் மைக்கில். "நான்தான் தப்பா எழுதிட்டேன். எனக்கு தமிழ் கொஞ்சம் தகராறு. உங்க மிஸ் எவ்ளோ நல்லா சொல்லிக் குடுத்து இருக்காங்க பாரு. எல்லாரும் உங்க மிஸ்ஸுக்கு ஒரு கைதட்டல் குடுங்க."

எல்லோரும் தட்டினார்கள். என் பெண்கள் இருபது வருஷத்தில் தட்டாத அளவுக்குத் தட்டினார்கள். "எழுந்து நில்லுங்க டீச்சர்" என்று தலைமையாசிரியை என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். நான் எழுந்து நின்று திரும்பிக் கும்பிட்டேன். மேடையில் அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கைதட்டலைத்தான் நான் இத்தனை வருஷமாக அவளிடமிருந்து பிடுங்க நினைத்தேன். கையில் கிடைத்தபோது எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதன் பிறகு அவள் அந்த நெசவாளருக்கு நிதானமாக விளக்கினாள். நம் கையில் இருக்கிற அளவுகோல் இவ்வளவு நுணுக்கம்தான் காட்டும், வித்தியாசம் அதைவிடச் சின்னதாக இருக்கிறது, அதனால் இன்னும் நிறைய நட்சத்திரங்களை, இதுவரை அதிகம் பார்க்காத பக்கத்தில் பார்த்தால்தான் தெரியும் என்றாள். அவர், "அளக்கற கோலு அவ்ளோதான்னா நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சமாதானமாகி உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து இரண்டு பேரும் ஆட்டோ நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். பட்டுக் கடைகளில் கூட்டம், பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. அது போகட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"தெரிஞ்சுதான் போட்டியா?"

அவசரத்தில் விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். "தெரிஞ்சுதான்" என்றேன்.

"எதுக்குடி?"

"பொறாமைதான். வேற என்ன?"

"எம்மேலயா?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இத்தனை வருஷம் நான் பட்ட பாட்டில் ஒரு துளிகூட அவளுக்குத் தெரியவில்லை.

கையிலிருந்த பைகளை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "கோவம் எல்லாம் இல்லடி. ஆனா ஒண்ணு. வாசிக்கறப்பவே அந்த வார்த்த எனக்கு ஒரு மாதிரி இருந்துது. சரியில்லையேன்னு தோணுச்சு. நீ எழுதினதாச்சேன்னு வாசிச்சுட்டேன்" என்றாள்.

ஆட்டோவில் ஏறி, "வரேன்" என்றாள். வழக்கமாக என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள். அன்று கையில் பை நிறைய இருந்தது, அதனாலும் இருக்கலாம்.

அவள் வெளிநாட்டுக்குத் திரும்பிய பிறகும் படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. என் பிள்ளையின் பரீட்சையைப் பற்றி விசாரித்தாள். எதுவும் மாறவில்லை என்றுதான் நினைத்தேன். போன மாதம் மறுபடி பத்து நாள் வந்தவள் வேலூரில் ஒரு கல்லூரியில் இதே பேச்சைப் பேசியிருக்கிறாள், அங்கிருந்து படங்கள் அனுப்பினாள். மேடை, கூட்டம், பின்னால் பெரிய திரை. திரையில் தமிழ். பலூன் போய்த் துணி வந்திருந்தது. நான் எழுதிய தமிழ் இல்லை.

பெரிதுபண்ணிப் பார்த்தேன். பிழை என்கிற இடத்தில் பிழை என்றே இருந்தது, கொட்டை எழுத்தில். மற்றபடி சகிக்கவில்லை. 'வேறு' என்பதற்கு 'வேரு', 'ஒவ்வொரு' என்பதற்கு 'ஒவ்வொறு'. ஒற்று வர வேண்டிய இடத்தில் ஒன்றுகூட வரவில்லை. யாரோ ஒரு பெண், அந்தக் கல்லூரி ஆசிரியையாக இருக்கலாம், உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். என் சிநேகிதி மேடையில் நின்று அதை ஒவ்வொரு சொல்லாக நம்பி வாசித்திருக்கிறாள். மலையையும் கம்பளிக் கோட்டையும் பார்த்து எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. முகம் தெரியாத, 'ரு'வும் 'று'வும் தெரியாத அந்தப் பெண் மேல் எனக்கு வந்த பொறாமை மாதிரி என் ஆயுளில் யார் மேலும் வந்ததில்லை.

பொறுக்க முடியாமல் எழுதினேன்: "நாலு எடத்துல எழுத்து தப்பா இருக்குது. ஃபைல அனுப்பு, திருத்தித் தரேன்."

உடனே பார்த்துவிட்டாள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"பரவாயில்லடி. கேட்டவங்களுக்கு புரிஞ்சுது."